கீட்ஸின் இலையுதிர்காலக் கவிதையில் ஓர் இலைகூட உதிரவில்லை: ஓவியம், இசையையும் சேர்த்துப் பேசலாமா?

களத்துமேடு

இலையுதிர்காலம் என்றதும் மஞ்சள் இலை, ஆளில்லாத பெஞ்சு, யாரோ யாரையோ பிரிந்த சோகம், பின்னால் ஒரு வயலின். இந்தச் சங்கதி எனக்கு அலுத்துவிட்டது. ஆங்கிலக் கவிஞர் கீட்ஸின் ‘டு ஆட்டம்’ (‘இலையுதிர்காலத்துக்கு’) கவிதையை மறுபடி எடுத்து வரிவரியாகப் படித்தபோது தோன்றியதை இங்கே போடுகிறேன், அடிக்க வருகிறவர்கள் வரலாம். ஆங்கிலத்தில் இந்தப் பருவத்தைப் பற்றி எழுதியதிலேயே பேர்போன கவிதை அதுதான். மொத்தம் 33 வரி. அதில் ஓர் இலைகூட உதிரவில்லை. திராட்சை பழுக்கிறது, பாசி படிந்த ஆப்பிள் மரம் காய் தாங்காமல் வளைகிறது, சுரை பருக்கிறது, தேனீக்களுக்கு இன்னும் பூ இருக்கிறது, கதிர் அறுக்கிறார்கள், ஆப்பிளைப் பிழிந்து சாறு எடுக்கிறார்கள். இலை பாட்டுக்கு மரத்திலேயே இருக்கிறது.

1819 செப்டம்பர் 19, ஞாயிற்றுக்கிழமை. தெற்கு இங்கிலாந்தில் வின்செஸ்டர் என்ற ஊரில் இட்சென் ஆற்றோரமாக நடந்துவிட்டு வந்து எழுதியிருக்கிறார். வயது 23. இரண்டு நாள் கழித்து ரெனால்ட்ஸ் என்ற நண்பருக்குக் கடிதம் போடுகிறார். அறுவடை முடிந்த வயலின் அரிதாள் தனக்கு இவ்வளவு பிடித்ததே இல்லை, வசந்தத்தின் சில்லிட்ட பச்சையைவிட இது மேல், சில ஓவியங்கள் பார்க்கக் கதகதப்பாக இருக்குமே அப்படி இருக்கிறது இந்த வயல் என்கிறார். ஆக, வயலைப் பார்க்கும்போதே அவருக்கு ஓவியம் ஞாபகம் வருகிறது.

கவிதைக்குள் போனால் இன்னும் வேடிக்கை. மூன்று பத்தி. முதல் பத்தி முழுக்க நாக்குக்கும் கைக்கும்: பழச்சாறு, பருப்பு நிறைந்த ஹேசல் கொட்டை, வழியும் தேன். அந்தப் பத்தியை இலக்கணப்படி பிரித்தால் முதன்மை வாக்கியத்துக்கு முடிகிற வினைமுற்றே கிடையாது, பதினோரு வரியும் பழுத்துக்கொண்டே போகின்றன. இரண்டாம் பத்தி கண்ணுக்கு: பருவமே ஓர் ஆளாகி, தூற்றும் காற்றில் தலைமுடி பறக்கக் களஞ்சியத் தரையில் உட்கார்ந்திருக்கிறது, பாதி அறுத்த உழவுச்சாலில் பாப்பிப் பூ மயக்கத்தில் தூங்குகிறது, கதிர் பொறுக்கும் பெண்போலத் தலைச்சுமை ஆடாமல் ஓடையைத் தாண்டுகிறது. வரிசையாகச் சட்டம் போட்டு மாட்டலாம். மூன்றாம் பத்தி காதுக்கு: வசந்தத்தின் பாட்டெல்லாம் எங்கே என்று கேட்டுவிட்டு, அதை விடு, உனக்கும் ஒரு சங்கீதம் இருக்கிறது என்று கொசுக்கூட்டத்தின் ரீங்காரம், ஆட்டுக் கத்தல், வேலிச் சில்வண்டு, ராபின் குருவியின் சீழ்க்கை, கடைசியாக வானத்தில் கூடும் தகைவிலான்கள் என்று முடிக்கிறார்.

என் கட்சி இதுதான்: இந்தப் பருவத்தைப் பற்றிய நல்ல படைப்புகள் இலையைவிட, கீழே நடக்கும் வேலையையும் சத்தத்தையும்தான் பார்க்கின்றன. இலையைப் பார்க்கிறவர் பெரும்பாலும் தன்னையே பார்க்கிறார். மறுப்பு உள்ளவர்கள் படைப்பின் பேரோடு வாருங்கள், பொத்தாம்பொதுவாக வேண்டாம்.

சுள்ளி

பஞ்சாங்கத்தைப் பார்த்திருந்தால் இவ்வளவு பெரிய பதிவு தேவைப்பட்டிருக்காது அண்ணே. செப்டம்பர் 19 அன்று தெற்கு இங்கிலாந்தில் எந்த மரம் மொட்டையாக நிற்கிறது? அங்கே இலை கொட்டுவது அக்டோபர் கடைசி, நவம்பர். கீட்ஸ் பார்த்ததை எழுதினார், அவ்வளவுதான், இதில் கட்சி எங்கிருந்து வந்தது?

சரி, பேரோடுதானே கேட்டீர்கள். ஷெல்லி. அதே 1819, சில வாரம் கழித்து, பிளாரன்ஸ் பக்கம் ஆர்னோ ஆற்றங்கரைத் தோப்பு. ‘மேல்காற்றுக்கு’ என்று எழுதிய பாட்டு. தொடக்கத்திலேயே இலைகள் மந்திரவாதியைக் கண்ட பேய்களாக ஓடுகின்றன, மஞ்சளும் கறுப்பும் வெளிறலும் காய்ச்சல் சிவப்புமாக, கொள்ளைநோய் பிடித்த கூட்டம்போல. அது கெட்ட கவிதையா?

களத்துமேடு

நல்ல கவிதைதான். ஆனால் ஷெல்லி அங்கே இலையை எதற்குக் கூப்பிடுகிறார் என்று பாருங்கள். நான்காம் ஐந்தாம் பகுதி வந்ததும் என்னையும் ஓர் இலையாகத் தூக்கிப் போ, என் இலைகள் உதிர்ந்தால்தான் என்ன, என் செத்த எண்ணங்களை உலகம் முழுக்க ஓட்டு என்கிறார். பருவம் ஒரு தபால்காரன் ஆகிவிட்டது. இலையைப் பார்க்கிறவர் தன்னைப் பார்க்கிறார் என்று நான் சொன்னதற்கு இதைவிடச் சாட்சி கிடையாது, நன்றி.

பஞ்சாங்க விஷயம்: ஒப்புக்கொள்ளலாம், அன்று இலை விழவில்லை. ஆனால் விழப்போவது கீட்ஸுக்குத் தெரியாதா என்ன? முந்தைய டிசம்பரில் தம்பி டாம் காசநோயில் போனான், பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவர் இவர், மருத்துவம் வேறு படித்தவர். அந்த மனிதர் கவிதையில் ‘நான்’ என்ற சொல்லே வராமல் எழுதுகிறார். பகல் சாகிறது என்று ஒரு வார்த்தை போகிறபோக்கில் வருகிறது, அதற்கும் உடனே அரிதாள்மேல் ரோஜா நிறம் பூசிவிடுகிறார். தகைவிலான்கள் கூடுகின்றன என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். எதற்குக் கூடுகின்றன, எங்கே போகப்போகின்றன என்று இங்கிலாந்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்: குளிருக்கு முன் தெற்கே போகத்தான். அதைச் சொல்லவில்லை. 1821 பிப்ரவரியில் ரோமில் அவரும் போய்ச் சேர்ந்தார், 25 வயதில். இதை வைத்துக்கொண்டு கவிதைக்குச் சோகப் பூச்சு பூசுவதும் எனக்குப் பிடிக்காது, எழுதும்போது அவருக்கு அது தெரியாது.

நீலத்தாள்

ஓவியப் பக்கம் நான் வருகிறேன். களத்துமேடு சொல்வதற்கு ஆதரவாக முதலில் ஒன்று, அப்புறம் எதிராக ஒன்று.

ஆதரவு: மூத்த பீட்டர் ப்ரூகல் என்ற ஓவியர், 1565. ஆண்ட்வெர்ப் நகர வணிகர் நிக்லாஸ் யோங்கலிங்க் வீட்டுக்காக ஓர் ஆண்டின் பருவங்களை வரிசையாகப் பெரிய பெரிய பலகைகளில் வரைந்தார். இன்று ஐந்து மிஞ்சியிருக்கின்றன. பனியில் வேட்டைக்காரர்கள் திரும்பும் படத்தை எல்லாருக்கும் தெரியும், அதே வரிசையில் இலையுதிர்காலத்துக்கு உள்ளது ‘மந்தை திரும்புதல்’, வியன்னா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கோடை மேய்ச்சலுக்கு மலைக்குப் போன மாடுகளை ஊருக்கு ஓட்டி வருகிறார்கள். நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மாடுகள் போகின்றன. வேறொரு ஓவியர் மாட்டின் முகத்தைக் காட்டியிருப்பார். மரங்கள் ஏற்கெனவே மொட்டை. மேலே கருமேகம் இறங்குகிறது, மழை வருவதற்குள் வீடு சேர வேண்டும், ஓட்டுகிறவர்கள் குனிந்து நடக்கிறார்கள். மஞ்சளும் சிவப்பும் எங்கே என்று தேடினால் மாட்டின் தோலில் இருக்கிறது! அந்தக் காவியும் பழுப்பும் வெளிர் மஞ்சளும்தான் படத்தின் முழு வண்ணம், நிலமும் அதே நிறத்துக்குப் போய்விட்டது. இலையில்லாமல் இலையுதிர்கால நிறத்தைக் கொண்டுவந்த ஆள் ப்ரூகல்.

எதிர்ப்பு: ஜான் மில்லே வரைந்த ‘உதிர்ந்த இலைகள்’, 1856, மான்செஸ்டரில் இருக்கிறது. நான்கு சிறுமிகள் சாயங்கால வெளிச்சத்தில் இலைக் குவியலைச் சுற்றி நிற்கிறார்கள், குவியலிலிருந்து புகை. கதை ஒன்றும் கிடையாது. அழகு நிறைந்த, ஆனால் விஷயம் என்று ஒன்று இல்லாத படம் வரைய ஆசைப்பட்டார் என்று அவர் மனைவி எஃபி எழுதி வைத்திருக்கிறார். இங்கே இலைதான் மையம், கூட்டி எரிப்பது வேலையும்கூட. அந்தப் பிள்ளைகளின் முகத்தில் ஓர் அசைவும் இல்லை. யாரும் தன்னைப் பார்த்து உருகவில்லை. ஆகவே இலை வந்தாலே சுயபுலம்பல் என்று சட்டம் போட முடியாது.

மேப்பிள் மாமா

டொரொண்டோவிலிருந்து. இங்கே இந்தப் பருவத்தில் நமது ஆட்கள் எல்லாரும் காரை எடுத்துக்கொண்டு அல்கோங்குவின் பூங்காப் பக்கம் போய்ப் படம் பிடித்துப் போடுவார்கள், செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் முதல் பாதி வரை சாலை நெரிசல்தான்.

நீங்கள் எல்லாரும் விட்ட ஒரு விஷயம்: மரம் எது என்பது. ஐரோப்பாவில், அதுவும் வடக்கே, இலையுதிர்காலம் பெரும்பாலும் மஞ்சள். பிர்ச், ஆஸ்பென், லைம் (எலுமிச்சை இல்லை, லிண்டன் மரம்), எல்லாம் மஞ்சளுக்குப் போகிற மரங்கள். வட அமெரிக்காவிலும் கிழக்கு ஆசியாவிலும் சிவக்கிற மரங்கள் நிறைய. இது வெறும் தற்செயல் வண்ணம் இல்லை, உள்ளே நடப்பதே வேறு. மஞ்சள் நிறமி இலையில் முன்பே இருப்பது, பச்சையம் சிதைந்ததும் வெளியே தெரிகிறது. சிவப்புக்குக் காரணமான ஆந்தோசயனினைப் பெரும்பாலான மரங்கள் கடைசி வாரங்களில் புதிதாகச் செய்கின்றன. இலையில் சேர்ந்த சர்க்கரை வேண்டும், பகலில் நல்ல வெயில் வேண்டும், இரவு குளிர வேண்டும், ஆனால் உறையக்கூடாது. அது கூடிவந்த வருடம் சுகர் மேப்பிள் காடு பற்றி எரியும், கூடாத வருடம் மங்கல்தான். சாகப்போகிற இலை எதற்குச் செலவு செய்து புது நிறமி செய்கிறது என்பதில் விஞ்ஞானிகளுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை.

அதனால்தான் ரஷ்யப் படம் தங்கமாக இருக்கிறது, ஜப்பானியத் திரை சிவப்பாக இருக்கிறது. ஓவியன் மனநிலை அப்புறம்தான்.

எங்கள் ஊர் ஆள் டாம் தாம்சனைச் சொல்லாமல் போக முடியாது. அல்கோங்குவினில் தோணி ஓட்டிக்கொண்டு, வழிகாட்டியாகவும் வேலை செய்துகொண்டு, புத்தக அளவு சின்ன மரப்பலகைகளில் அந்த இடத்திலேயே எண்ணெய் வண்ணத்தில் வரைந்து தள்ளியவர். பலகையின் வெறும் மரம் வண்ணத் தீற்றல்களுக்கு நடுவே அப்படியே தெரியும். ஒரு சிவப்பு, ஒரு ஆரஞ்சு, பின்னால் கருநீல மலை, முடிந்தது. நின்று மெருகேற்ற நேரமில்லை, குளிரும், வெளிச்சம் போய்விடும். 1917 ஜூலையில் கனூ ஏரியில் இறந்தார், 39 வயது. மூன்று வருடம் கழித்து அவர் நண்பர்கள் சேர்ந்துதான் ‘எழுவர் குழு’ என்ற கனடா ஓவியர் குழு ஆனது. அந்தப் பலகைகளில் சோகம் தேடினால் கிடைக்காது, இலைதான் முழுக்க முழுக்க. களத்துமேடு அண்ணா இதற்கு என்ன சொல்கிறார் பார்ப்போம்.

களத்துமேடு

தாம்சன் இலையை வரையவில்லை, வண்ணத்தை வரைந்தார் என்று தப்பிக்கப் பார்ப்பேன், ஆனால் நீங்கள் விடமாட்டீர்கள். அவரை விதிவிலக்காக வைத்துக்கொள்வோம். நிறமி விளக்கம் அருமை.

நீலத்தாள்

மேப்பிள் மாமா ரஷ்யத் தங்கம் என்றதால் ரஷ்ய ஓவியர் லெவித்தான் பற்றி. இரண்டு படத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று 1879, ‘இலையுதிர்கால நாள், சொக்கோல்னிகி’. மாணவனாக இருந்தபோது வரைந்தது. மாஸ்கோப் பூங்காப் பாதை, ஓரமெல்லாம் மஞ்சள் இலை, மேகம், கறுப்பு உடையில் ஒரு பெண் நம்மை நோக்கி வருகிறாள். அந்தப் பெண்ணை வரைந்தது லெவித்தான் இல்லை, அவர் நண்பர் நிக்கொலாய் செக்காவ், எழுத்தாளர் செக்காவின் அண்ணன். பெண் இல்லாவிட்டால் அது ஒரு பாதை, பெண் வந்ததும் கதை வந்துவிட்டது, எல்லாரும் அவளுக்கு என்ன கஷ்டம் என்று யோசிக்கிறோம். பின்னாளில் லெவித்தான் தன் நிலக்காட்சிகளில் ஆட்களைக் கிட்டத்தட்ட விட்டேவிட்டார்.

இன்னொன்று 1895, ‘தங்க இலையுதிர்காலம்’. குறுகலான ஆறு, அடர்ந்த நீலம், கரையில் பிர்ச் மரங்கள், வெயில். ரஷ்யப் பள்ளிப் பாடப்புத்தகம், காலண்டர், சாக்லேட் பெட்டி என்று எங்கும் போய்ச் சலித்துப்போன படம், ஆனாலும் நேரில் நின்று பார்க்கிறவர்கள் சொல்வது வேறு: தூரிகைத் தடம் முரட்டுத்தனமாக இருக்கிறது, புல்லை இழுத்து இழுத்துப் பூசியிருக்கிறார். தூரத்தில் பச்சையாக ஒரு பட்டை தெரியும், குளிருக்கு முன்பே விதைத்த பயிர் முளைத்திருக்கிறது. எல்லாம் முடிகிற பருவத்தில் ஒன்று தொடங்கியும் இருக்கிறது என்பதை அவர் அந்த ஒரு பட்டையில் வைத்துவிட்டார், யாரும் கவனிப்பதில்லை.

வீணைக்காரன்

இசைக்கு யாரும் வரவில்லையே என்று பார்த்தேன்.

விவால்டியின் ‘நான்கு பருவங்கள்’ 1725இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சானது. ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு சானெட் (பதினான்கு வரிக் கவிதை) சேர்த்து அச்சிட்டிருக்கிறார்கள், இசைக் குறிப்பிலேயே இந்த இடத்தில் இது நடக்கிறது என்று வரி வரியாக எழுதியிருக்கும். இலையுதிர்காலத்தில் என்ன நடக்கிறது தெரியுமா? குடி. அறுவடை முடிந்த குடியானவர்கள் ஆடிப் பாடுகிறார்கள், அப்புறம் தனி வயலின் தள்ளாடுகிறது, ‘குடிகாரன்’ என்றே குறிப்பில் போட்டிருக்கிறார், சுரம் ஏறி இறங்கி வழுக்கி நின்றுபோகும். இரண்டாம் பகுதி முழுக்க அவர்கள் தூங்குகிறார்கள். அதில்தான் என் மனசு. நரம்புக் கருவிகள் எல்லாம் ஒலியை அடக்கிக்கொண்டு நீண்ட நீண்ட சுரங்களாகப் பிடித்துக்கொண்டிருக்க, ஹார்ப்சிகார்டு (பியானோவுக்கு முந்தைய கருவி) மட்டும் சுரக்கூட்டுகளை மெல்லச் சிதறவிடும். கச்சேரியின் நாயகனான தனி வயலினுக்குத் தனியாக வேலையே இல்லை, அவனும் தூங்குகிறான். மூன்றாவது வேட்டை: விலங்கு ஓடுகிறது, களைக்கிறது, சாகிறது. ஒரு இலையும் இல்லை.

ஹைடன் 1801இல் வியன்னாவில் அரங்கேற்றிய ‘பருவங்கள்’ இன்னும் மோசம். அதில் இலையுதிர்காலப் பகுதியில் உழைப்பைப் புகழ்ந்து ஒரு பெரிய கூட்டுப்பாடல் வரும். வாழ்நாள் முழுக்க உழைத்தவன்தான் நான், ஆனால் உழைப்புக்கு இசை போடுவேன் என்று நினைத்ததில்லை என்று முணுமுணுத்தாராம். கடைசியில் அங்கேயும் திராட்சை மது, கும்மாளம்.

சாய்கோவ்ஸ்கி என்றதும் எல்லாரும் அக்டோபரை மட்டும் எடுப்பார்கள். 1876இல் பீட்டர்ஸ்பர்க் இசைப் பத்திரிகை ஒன்றுக்கு மாதம் ஒன்றாகப் பியானோவுக்குப் பன்னிரண்டு எழுதினார். அக்டோபர் ‘இலையுதிர்காலப் பாடல்’, மெதுவான டி மைனர், மேலே அலெக்ஸி டால்ஸ்டாயின் வரிகள் (‘போரும் அமைதியும்’ எழுதியவர் வேறு), தோட்டத்தின் மஞ்சள் இலைகள் காற்றில் பறக்கின்றன என்று. அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஒரு மெட்டு தொடங்கும், கீழே வேறொரு குரல் அதற்குப் பதில் சொல்லும், இருவர் பேசுவதுபோல. ஆனால் அதற்கு முன்னால் ஆகஸ்ட் ‘அறுவடை’, செப்டம்பர் ‘வேட்டை’. விவால்டியின் அதே பட்டியல்! நூற்றைம்பது வருடத்துக்குப் பிறகும் அது அப்படியே கிடக்கிறது, நாம்தான் நடுவிலிருந்து சோகத்தை மட்டும் உருவி எடுத்துக்கொண்டோம்.

செங்காந்தள்

எல்லாரும் அறுவடை அறுவடை என்கிறீர்கள், அறுத்தவர்கள் என்ன ஆனார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கீட்ஸ் எழுதியதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பு, 1819 ஆகஸ்ட் 16, மான்செஸ்டரில் ஓட்டுரிமை கேட்டுக் கூடிய பெருங்கூட்டத்தின்மேல் குதிரைப்படையை ஏவினார்கள். பீட்டர்லூ படுகொலை. 15 பேராவது செத்தார்கள், நூற்றுக்கணக்கானோர் காயம். அந்தக் கூட்டத்தில் பேச வந்த ஹென்றி ஹண்ட் பிணையில் வெளிவந்து செப்டம்பர் 13 லண்டனுக்குள் நுழைந்தபோது தெருவில் நின்ற பெருங்கூட்டத்தில் கீட்ஸும் இருந்தார், கடிதத்தில் எழுதியிருக்கிறார். ஆறே நாளில் ஆப்பிள், தேன், தூக்கம்.

ஓடை தாண்டும் அந்தப் பெண் சிந்திய கதிர் பொறுக்குகிறவள். அறுத்த வயலில் ஏழைகள் கதிர் பொறுக்கும் பழக்கத்துக்குச் சட்ட உரிமை கிடையாது என்று 1788லேயே இங்கிலாந்து நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. மில்லே வேறொருவர் இருக்கிறாரே, பிரெஞ்சுக்காரர், ழான் பிரான்சுவா. 1857இல் அவர் வரைந்த கதிர் பொறுக்கும் மூன்று பெண்களைப் பாருங்கள், முதுகு ஒடிகிறது, தூரத்தில் முதலாளியின் குவியல் மலைபோல. கீட்ஸின் பெண் தலையில் சுமையோடு ஆடாமல் நடக்கிறாள், பசியே தெரியவில்லை. இந்த அழகு யார் செலவில் என்று கேட்டால் தப்பா?

களத்துமேடு

தப்பே இல்லை. இதைப் பற்றி ஆங்கிலப் பேராசிரியர்கள் பல வருடமாகச் சண்டை போடுகிறார்கள். நான் ஒன்று சேர்க்கிறேன்: 1815இல் தம்போரா எரிமலை வெடித்து 1816இல் ஐரோப்பாவுக்குக் கோடையே வரவில்லை, பயிர் அழிந்தது, ரொட்டிக்குக் கலவரம் நடந்தது. அதற்கு மூன்று வருடம் கழித்து வெயிலடிக்கும் ஒரு செப்டம்பரில், களஞ்சியம் நிறைகிறது என்று ஒருவன் எழுதினால் அது கண்ணை மூடிக்கொள்வதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. நிறைந்த களஞ்சியம் யாருக்கு என்ற உங்கள் கேள்வி நிற்கிறது, அதற்குக் கவிதையில் பதில் இல்லை.

தேன்சிட்டு

எல்லாரும் சோகத்தைத் திட்டுகிறீர்கள், நான் அதன் பக்கம். ஜெர்மன் இசையமைப்பாளர் ரிச்சர்ட் ஸ்ட்ராஸ், ‘செப்டம்பர்’ என்ற பாடல். ஹெர்மன் ஹெஸ்ஸேயின் கவிதை. 1948 செப்டம்பர் 20 அன்று முடித்தார், 84 வயது, போருக்குப் பின் ஊரைவிட்டு சுவிட்சர்லாந்தில் இருந்த காலம். தோட்டம் துக்கம் காக்கிறது, மழை குளிர்ந்து பூக்களுக்குள் இறங்குகிறது, உயரமான மரத்திலிருந்து தங்கமாக இலை இலையாகச் சொட்டுகிறது. களத்துமேடு அவர்களே, இலை! அந்த இடத்தில் வாத்தியங்கள் செய்வதைக் கேட்டுவிட்டு அப்புறம் கட்சி பேசுங்கள். சாகிற தோட்டத்தைப் பார்த்துக் கோடைக்காலம் ஆச்சரியமாகச் சிரிக்கிறது, களைத்த கண்ணை மெல்ல மூடுகிறது. பாடகி நிறுத்தியபின் ஒரு ஹார்ன் (வளைந்த பித்தளை ஊதுகருவி) தனியாக வாசித்து முடிக்கும். ஸ்ட்ராஸின் அப்பா முனிச்சில் பெரிய ஹார்ன் கலைஞர், அதை அறிந்து கேட்டால் அந்தக் கடைசிச் சில நொடிகளில் தொண்டை அடைக்கும். மறுவருடம் செப்டம்பர் 8 ஸ்ட்ராஸ் இறந்தார். 1950இல் லண்டனில் கிர்ஸ்டன் ஃப்ளாக்ஸ்டாட் பாட ஃபுர்ட்வெங்லர் நடத்த அரங்கேறியபோது எழுதியவர் இல்லை.

அப்புறம் பிரெஞ்சுக் கவிஞர் வெர்லேன். 1866இல் வந்த முதல் தொகுப்பில் உள்ள ‘இலையுதிர்காலப் பாட்டு’, இலையுதிர்கால வயலின்களின் நீண்ட விம்மல் என்று தொடங்கும், கடைசியில் நான் ஒரு செத்த இலைபோல இங்கும் அங்கும் என்று முடியும். நீங்கள் அலுத்துக்கொண்ட வயலினும் இலையும் அங்கிருந்துதான் வந்தவை. 1944 ஜூன் 1 அன்று அதன் முதல் மூன்று வரியும் 5ஆம் தேதி இரவு அடுத்த மூன்று வரியும் லண்டன் வானொலியில் வாசிக்கப்பட்டன. பிரான்சுக்குள் ரயில் பாதைகளைத் தகர்க்கக் காத்திருந்த குழுவுக்கு அதுதான் சமிக்ஞை, மறுநாள் நார்மண்டியில் படைகள் இறங்கின. செயலற்ற சோகம் என்று நீங்கள் ஒதுக்குகிற வரிகள் செய்த வேலை இது.

சுள்ளி

வெர்லேன் தண்டவாளம் தகர்ப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. களத்துமேடு அண்ணே, ஆட்டம் சமம்.

வீணைக்காரன்

ஸ்ட்ராஸ் விஷயத்தில் தேன்சிட்டுவோடு நான் முழுச் சம்மதம். கூடவே ஒன்று: ‘ஆட்டம் லீவ்ஸ்’ (‘இலையுதிர்கால இலைகள்’) பாட்டின் மெட்டு. புடாபெஸ்டில் பிறந்த ஜோசஃப் கோஸ்மா போட்டது, வரிகள் ழாக் பிரெவர், 1946இல் ஒரு பிரெஞ்சுப் படத்தில் வந்தது, அப்புறம் ஜானி மெர்சர் ஆங்கிலத்தில் எழுதினார். 1958இல் ஜாஸ் கலைஞர் கேனன்பால் ஆடர்லி மைல்ஸ் டேவிஸோடு சேர்ந்து செய்த பதிவில் வார்த்தையே கிடையாது. ஜாஸ் கற்கிறவர்களுக்கு முதலில் தரும் பாட்டுகளில் இதுவும் ஒன்று, காரணம் சோகம் இல்லை, சுரக்கூட்டுகள் ஒன்றிலிருந்து அடுத்தது என்று ஒரே ஒழுங்கில் இறங்கிக்கொண்டே போகும், விரலுக்குப் பாடம். இறங்குகிற அந்த ஒழுங்குதான் கேட்பவருக்கு இலையாகக் கேட்கிறது என்று நினைக்கிறேன், பிரெவரின் வரி தெரியாதவருக்கும்கூட.

புறப்பாடு

கிழக்கே யாரும் போகவில்லை. ஜப்பானில் ‘ஷின்கொகின்ஷூ’ என்ற அரசவைத் தொகுப்பு, 1205. அதில் இலையுதிர்கால அந்தி என்ற ஒரே சொற்றொடரில் முடியும் மூன்று கவிதைகள் அடுத்தடுத்து வரும். துறவி சாய்க்யோ எழுதியதில் உணர்ச்சிகளை விட்டுவிட்ட மனசுக்கும் இந்தத் துயரம் எட்டுகிறது, சதுப்பிலிருந்து உள்ளான் பறவை எழும்புகிறது. தெய்க்கா எழுதியது களத்துமேடு அவர்களுக்குப் பரிசு: சுற்றிப் பார்த்தால் பூவும் இல்லை, சிவந்த மேப்பிள் இலையும் இல்லை, கடற்கரையில் ஒரு கூரைக் குடிசை, இலையுதிர்கால அந்தி. அந்நாளின் அரசவைக்கு இலையுதிர்காலம் என்றால் சிவந்த இலைதான், அதைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, இல்லை என்று அனுப்பிவிடுகிறார். பிற்காலத்தில் தேநீர்க் கலைக்காரர்கள் இந்தக் கவிதையைத் தங்கள் எளிமைக்கு அடையாளமாகத் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.

சீனத்தில் து ஃபூ, 766ஆம் ஆண்டு, யாங்சி ஆற்றங்கரையில் குய்ஜோவில் சிக்கிக்கொண்டு எழுதிய எட்டுக் கவிதைகள். முதல் கவிதை மேப்பிள் காட்டைப் பனி வாட்டுவதில் தொடங்கிச் சத்தத்தில் முடிகிறது: அந்தியில் மலைமேல் இருக்கும் ஊரில் துணியைக் கட்டையால் அடிக்கும் ஓசை. குளிர் வருமுன் உடை தைக்க வேண்டும், எல்லையில் இருக்கும் கணவனுக்கு அனுப்ப வேண்டும், அதற்காகப் பெண்கள் துணியை அடித்து மென்மையாக்குவார்கள். சீனத்திலும் ஜப்பானிலும் இந்த அடிதான் இலையுதிர்காலத்தின் ஓசை. வேலை, சத்தம், பிரிவு மூன்றும் அதற்குள் இருக்கின்றன, இங்கே நீங்கள் பிரித்து அடித்துக்கொள்கிற இரண்டு கட்சியும் அங்கே ஒன்றுதான்.

ஓலைச்சுவடி

சத்தம் என்றதும் கேட்கிறேன், நெடுநல்வாடை யாருக்கும் ஞாபகம் வரவில்லையா? நமக்கு இந்த மாதங்களில் இலை கொட்டாது, நம் காடுகள் உதிர்ப்பது மாசி பங்குனியில். ஐப்பசி கார்த்திகை கூதிர், மழையும் வாடையும். நக்கீரர் 188 அடியில் எழுதியது. கோவலர் வெள்ளத்துக்குப் பயந்து மாடுகளை மேட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய், கை நெருப்பில் காய்ந்தும் பல் கிடுகிடுக்க நிற்கிறார்கள், நீலத்தாள் சொன்ன ப்ரூகல் படம் ஞாபகம் வந்தது. புதரெல்லாம் பீர்க்கம்பூ பொன்னாகப் பூத்திருக்கிறது, நெற்கதிர் முற்றி வளைகிறது.

இதில் இசை எங்கே என்றால், குளிரில் யாழ் நரம்பு சுருதி மாறிவிடுகிறது. பாட வேண்டிய பெண்கள் நரம்பை மார்பின் வெம்மையில் தடவிச் சூடேற்றிப் பண்ணுக்குக் கொண்டுவருகிறார்கள். பருவத்தைப் பற்றி இசை சொல்வதை எல்லாரும் எழுதினீர்கள், பருவம் கருவியையே என்ன செய்யும் என்று நக்கீரர் எழுதியிருக்கிறார்.

வீணைக்காரன்

ஐயா, இந்த இடத்தை நான் எப்படி விட்டேன் தெரியவில்லை. விவால்டி வாசிக்கிறவர்களும் இதே பாடுதான் படுகிறார்கள், ஆட்டுக்குடல் நரம்பு மாட்டிய வயலின் ஈரம் மாறினால் சுருதி விலகும், ஒவ்வொரு பகுதிக்கும் நடுவே திருகிக்கொண்டிருப்பார்கள்.

தேன்சிட்டு

காற்றை யாராவது வரைந்திருக்கிறார்களா? நீலத்தாள்? இலை இல்லாமல்.

நீலத்தாள்

சாக்காய் ஹோயிட்சு என்ற ஜப்பானிய ஓவியர், சுமார் 1821. கோரின் என்ற முன்னோடி தங்கப் பின்னணியில் காற்றுத் தேவனையும் இடித் தேவனையும் ஒரு ஜோடி மடிப்புத் திரையில் வரைந்திருந்தார். அவருக்கு நூறு வருடம் பின்னால் வந்த ஹோயிட்சு அந்தத் திரையின் முதுகில் வெள்ளிப் பின்னணியில் புல் வரைந்தார். இடித் தேவனுக்குப் பின்பக்கம் மழையில் நனைந்து தலை சாய்ந்த கோடைப் புல், காற்றுத் தேவனுக்குப் பின்பக்கம் ஒரே திசையில் அடித்துச் சாய்ந்த இலையுதிர்காலப் புல். முன்பக்கத்தில் தேவன் ஊதுவதைப் பின்பக்கத்தில் புல் வாங்குகிறது. டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது, ஆனால் பாதுகாப்புக்காக இரண்டையும் பிரித்துத் தனித்தனித் திரையாக்கிவிட்டார்கள், அதனால் பார்க்கிறவர்தான் மனசுக்குள் ஒட்டிக்கொள்ள வேண்டும். இலை இல்லாமல் என்று கேட்டீர்கள், அதற்கு நான் உறுதி தரமாட்டேன், அந்தப் புல்லுக்குள் கொடிகளும் இருக்கின்றன, களத்துமேடு கண்ணில் பட்டால் மறுபடி ஆரம்பித்துவிடுவார்.